ஏரிஸ் இருந்த இடத்தில் மார்ஸ்

"அட்டையில என் பேரைப் போடுங்க சார்."

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று பிழைதிருத்தும் அக்கா முதல்நாளே எச்சரித்திருந்தாள். பதிப்பகத்தில் வேலைபார்க்கும் இவள் எழுதிய மாயாஜால நாவல், எதிரே உட்கார்ந்திருக்கும் பதிப்பாளர் பெயரில் அச்சுக்குப் போகிறது.

"நீ எழுதின கிரேக்க சாமியை எல்லாம் ரோம் சாமியா நான்தாம்மா மாத்தினேன். போர்ச்சாமி ஏரிஸ் இருந்த இடத்துல மார்ஸ். பேருதானே வேற?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏரிஸ் ரத்தவெறியன், பெத்த அப்பனுக்கே ஆகாதவன். மார்ஸ் ரோமுக்கே தகப்பன், வயலுக்குக் காவல். இப்ப காவல்சாமியே ஊரைக் கொளுத்துது. படிச்சீங்களா?"

"யாரு கவனிக்கப் போறா? உங்க வீட்லயே முதல் பட்டதாரி நீ. வேலையைக் காப்பாத்திக்க."

"பேருல ஒண்ணுமில்லைன்னா, என் பேரைப் போட மட்டும் ஏன் வலிக்குது?"

காலையிலேயே எழுதிவைத்த ராஜினாமாவை மேசையில் அறைந்துவிட்டு, தன் கைப்பிரதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினாள்.