கோணல் சிரிப்பு

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பதினோரு நாளாகப் பேச்சு இல்லை. ஒரே தையல் கடை, எதிரெதிர் மிஷின். அண்ணி வெட்டித் தைப்பாள். நாத்தனார் காஜா எடுத்து பட்டன் வைப்பாள். ஒரு சட்டையின் கழுத்தளவைத் தப்பாக எழுதியது யார் என்பதில் மூண்ட சண்டை. அவசரமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார்கள்.

அன்று காலையும் நாத்தனார் சுவரிடம், "வெள்ளை நூல் தீந்துபோச்சு" என்றாள். பதில் வரவில்லை. திரும்பினால், அண்ணி உதட்டைக் கோணிக்கொண்டு சிரிப்பது போலிருந்தது. சுருக்கென்று கோபம் வந்தது.

"என்ன நக்கலா? வாயைத் தொறந்து சொல்லுங்களேன்!"

அண்ணி சொல்லத்தான் பார்த்தாள். நாக்கு குழறியது. வலது கையிலிருந்த கத்தரிக்கோல் நழுவித் தரையில் விழுந்தது.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் சுவரில் பார்த்த பக்கவாத எச்சரிக்கைப் படம் நாத்தனாருக்கு நினைவு வந்தது. கோணிய வாய், தொங்கும் கை, குழறும் பேச்சு. "அண்ணி, ரெண்டு கையையும் தூக்குங்க." இடது கை மட்டும்தான் எழுந்தது.

தைத்த துணியை வாங்க வந்திருந்த பெண், "வெறும் மயக்கமா இருக்கும். முப்பத்திமூணு வயசுல என்ன வரப்போகுது? தண்ணி குடுங்க" என்றாள்.

"தண்ணி வேணாம், பொறையேறிடும்!" நாத்தனார் அதற்குள் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டிருந்தாள்.

மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்டது நேரத்தைத்தான். "கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?"

"பத்து மணிக்குப் போன்ல தெளிவாப் பேசினாங்க. பத்தேகால் வரைக்கும் பாவாடை வெட்டினாங்க. அதுக்கப்புறம்தான்."

"அவ்வளவு சரியா எப்படிச் சொல்றீங்க?"

"பேச்சுவார்த்தைதான் இல்ல டாக்டர். கண்ணும் காதும் அங்கேயேதான் இருந்துச்சு."

ஸ்கேனில் மூளையில் இரத்தக் கசிவு இல்லை, இரத்தக்குழாய் அடைப்புதான். நேரம் தாண்டாததால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். மூச்சிரைக்க ஓடி வந்த அண்ணன் வராந்தாவில் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தான்.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். அண்ணியின் வலது கைவிரல்கள் போர்வையை மெல்லப் பற்றின. நாத்தனாரைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்:

"நூல்... வாங்கினியாடி?"

நாத்தனார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தான்.

இரண்டு வருடமாகத் தலைவலி என்று மாத்திரை போட்டுச் சமாளித்த அண்ணிக்கு உண்மையில் இரத்தக் கொதிப்பு. ஒருமுறைகூட அளந்து பார்த்ததில்லை. "இனிமே தினமும் மாத்திரை, உப்புல கை வைக்கக் கூடாது" என்றார் டாக்டர். "வயசு கம்மிதானேன்னு வீட்டுல யாரும் சும்மா இருக்காதீங்க."

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்ற அண்ணனின் கையில் நர்ஸ் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். நூற்று அறுபது!

"கல்லுக்கும் மாத்திரை எழுதிக் குடுங்க டாக்டர்" என்றாள் நாத்தனார்.

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.