பதினோரு மணிக்கு மேல்

நிலையத்தில் அவரை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. ஆறு மைல் தள்ளி வெட்டவெளியில் நிற்கும் ஒலிபரப்புக் கூடத்தில் ஏதாவது ஒரு வால்வு லேசாக முனகினாலும், கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டும், அதற்கெல்லாம் சேர்த்து ஒரு வியாழக்கிழமை நன்றாகக் கிடைத்துவிட்டது.

வானொலி வந்த புதிது. பாடுவதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கருவியெல்லாம் அங்கே கிடையாது. பாடினால் பாடினதுதான், போனால் போனதுதான். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஒலிபரப்பு, பிறகு ஒரு மணி நேரம் ஓய்வு, பன்னிரண்டுக்கு மறுபடியும். அன்றைய பட்டியலில் வீணை, தேனீ வளர்ப்பு பற்றி ஓர் உரை, பத்தரைக்கு வாய்ப்பாட்டு, மதியம் பல் டாக்டரின் உரை என்று இருந்தது.

வாய்ப்பாட்டு அரை மணிதான். அதை ஒரு மணியாக்கியவர் காது.

இரண்டு நாள் முன்னால் பாடகி அவரைத் தேடி வந்திருந்தார். கையில் ஒரு கடிதம். அவர் கணவர் எட்டு மாதமாக மலைமேல் மார்பு நோய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்க யாரையும் விடுவதில்லை. ஆனால் வார்டில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது.

"இனிமே மருந்து மாத்திப் பிரயோஜனம் இல்லைன்னுட்டாங்களாம் தம்பி," என்றார் பாடகி, ஏதோ ரயில் தாமதம் என்று சொல்வதுபோல. "கல்யாணமான புதுசுல மொட்டைமாடியில உக்காந்து ஒரு ராகம் பாடுவேன். அதை முழுசாப் பாடு, அவசரப்படாதேன்னு எழுதியிருக்காரு. உங்க ஆபீசர் நாலு பாட்டுக் குடுத்திருக்காரு. இதுல அதை எங்க நுழைக்கிறது?"

காது நேரே நிலைய அதிகாரியிடம் போனார். "பதினொண்ணுக்கு மேல சும்மாதானே சார் கிடக்கு? அரை மணி குடுத்தா என்ன குறைஞ்சுடும்?" என்று மல்லுக்கு நின்று வாங்கிக்கொண்டு வந்தார். பாடகி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டார்: பதினோரு மணிக்கு மேல் உங்களுக்காகப் பாடுகிறேன், காத்திருங்கள்.

வியாழக்கிழமை காலை அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரியறது நீங்க ஒருத்தர்தான். நல்லாப் போகுதுன்னா கையைத் தூக்கிக் காட்டுங்க. அது போதும் எனக்கு."

சுவரெல்லாம் கனத்த திரை தொங்கும் அறை. மின்விசிறியின் சத்தம் ஒலிவாங்கியில் விழும் என்று அதைக் கழற்றிவிட்டார்கள். உள்ளே போனவர்கள் வெந்து வெளியே வருவார்கள். பத்தரைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. அதிகாரியின் நான்கு பாட்டுகளும் பழுதில்லாமல் போயின. நடுநடுவே பாடகி கண்ணாடிப் பக்கம் பார்ப்பார், காது கையைத் தூக்குவார். பதினொன்று அடிக்க அரை நிமிடம் இருக்கும்போது பாடகி ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு, கண்ணை மூடி, தம்புராவோடு சேர்ந்து மெல்ல அந்த ராகத்தைத் தொடங்கினார்.

பதினொன்று மூன்றுக்கு மேசைமேல் இருந்த தொலைபேசியின் விளக்கு மின்னியது. மணி அடித்தால் ஒலிபரப்பு கெடும் என்று அதற்கு மணிக்குப் பதில் விளக்குதான். ஒலிபரப்புக் கூடத்து ஆள் பேசினார்.

"என்ன காது, முடிச்சுட்டீங்களா? ஒரு மணி நேரமாக்கியிருக்குன்னு சொன்னீங்க. பதினொண்ணு அடிச்சதும் இங்க ஒண்ணையும் காணோமே."

காதுக்குப் புரிய ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை தொலைபேசி இலாகா மேஸ்திரி வந்து, பாட்டைக் கூடத்துக்குக் கொண்டுபோகும் கம்பியை எப்போது பழுது பார்க்கலாம் என்று கேட்டார். "வியாழக்கிழமை பதினொண்ணுக்கு எடுத்துக்கோங்க, எங்களுக்கு ஓய்வு நேரம்தான்," என்று சொன்னவர் காதுதான். அடுத்த நாள் அந்த ஓய்வு நேரத்தைப் பாடகிக்கு வாங்கிக் கொடுத்தவரும் காதுதான். மேஸ்திரிக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை. வாங்கிக் கொடுத்த பெருமையில் மிதந்துகொண்டிருந்தார் மனிதர்.

தொலைபேசி இலாகாவைக் கூப்பிட்டார். "ஆளுங்க கம்பத்து மேல இருக்காங்க சார். ஆறு மைல்ல எந்தக் கம்பம்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றது ஒரு குரல். காவலாளியைச் சைக்கிளில் விரட்டினார். பின்னால் திரும்பியபோது பாடகி கண்ணைத் திறந்து அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

காதின் கை தானாகவே மேலே போனது.

யோசித்துச் செய்யவில்லை. காலையிலிருந்து செய்து பழகிய கை. ஆனால் தூக்கியது தூக்கியதுதான். அதைப் பார்த்ததும் பாடகியின் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்சத் தயக்கமும் விலகியது. அதன்பிறகு அவர் பாடியதை என்னவென்று சொல்வது? காது பதினைந்து வருஷமாகச் சங்கீதம் கேட்கிறவர். இப்படி ஒன்றை அவர் கேட்டதில்லை. எந்த அவசரமும் இல்லாமல், பக்கத்தில் படுத்திருப்பவரிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு சுரமாக வந்தது. அவ்வளவும் கண்ணாடியைத் தாண்டி, காது தலைமேல் மாட்டியிருந்த, ஒலிவாங்கியோடு நேரே இணைந்த கேட்கும் கருவியோடு நின்றது. பக்கவாத்தியக்காரர்களை விட்டால் உலகத்தில் அதைக் கேட்டது அவர் ஒருத்தர்தான். அந்த நினைப்பில் அவருக்கு உடம்பு கூசியது.

எழுந்து போய் நிறுத்திவிடலாமா? நிறுத்துகிற நிமிடத்தில் கம்பி சரியாகிவிட்டால்? சரியாகாவிட்டால்? இரண்டு தடவை எழுந்தார், இரண்டு தடவையும் உட்கார்ந்தார். இன்னும் மூன்று முறை பாடகி பார்த்தார். மூன்று முறையும் கையைத் தூக்கினார்.

பதினொன்றரைக்குப் பாட்டு முடிந்தது. இரண்டே நிமிடத்தில் தொலைபேசி விளக்கு மின்னியது. "வந்துடுச்சு காது, இப்ப சுத்தமா இருக்கு," என்றார் கூடத்து ஆள்.

பன்னிரண்டுக்கு இன்னும் இருபத்தெட்டு நிமிடம் இருந்தது. பக்கவாத்தியக்காரர்கள் வாத்தியங்களுக்கு இன்னும் உறை மாட்டவில்லை. இப்போது சொன்னால் பாதியாவது பாடலாம். காது ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். பாடகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"எட்டு மாசமாச்சு தம்பி, இப்படிப் பாடி. அவரு கேட்டிருப்பாரு இல்ல?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். "அம்மா..." என்றார். அதற்குள் அதிகாரி வந்து, தான் கொடுத்த நான்கு பாட்டுகளையும் பாராட்டினார். பாராட்ட ஆரம்பித்தால் அவர் லேசில் விடமாட்டார். மிருதங்கக்காரர் வேறு கச்சேரிக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். பல் டாக்டர், காகிதம் சரசரக்கக்கூடாது என்று அட்டை அட்டையாக எழுதிக்கொண்டு வந்து நின்றார். காது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே மென்று விழுங்கினார். இருபத்தெட்டு நிமிடத்தையும் கோழைத்தனம் தின்று தீர்த்தது.

பாடகி விடைபெறக் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தபோது பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம். தொலைபேசி விளக்கு மறுபடி மின்னியது. வெளியூர் அழைப்பு.

"மலை ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் பேசறேன். ரெண்டாம் வார்டு நோயாளி கேக்கச் சொன்னாரு. பாடறவங்களுக்கு உடம்பு சரியில்லையா? நாலு பாட்டோட நின்னுபோச்சே. அரை மணி நேரம் பெட்டி பக்கத்துலயே காதை வச்சுக்கிட்டு இருந்தாரு. அப்புறம் போதும், அணைச்சிடுங்கன்னு திரும்பிப் படுத்துட்டாரு. என்ன சொல்லட்டும்?"

நர்ஸுக்குக் கணீரென்ற குரல். அடுத்து நின்ற பாடகிக்கு எல்லாமே கேட்டது. அவர் கையை நீட்டினார். காது தொலைபேசிக் கருவியைக் கொடுத்தார்.

"நான்தான் பேசறேன். அவரைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா?"

"எழுந்து வர்ற நிலைமை இல்லையேம்மா. போன் ஆபீஸ்லதான் இருக்கு."

"நான் பாடினேன்னு சொல்லுங்க. அவரு கேட்டதை முழுசாப் பாடினேன்னு."

"இங்க ஒண்ணும் வரலையேம்மா."

"வரலை. ஆனா பாடினேன்னு சொல்லுங்க."

கருவியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, பாடகி காதைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பார்.

"நீங்க கையைக் காட்டினீங்களே தம்பி."

கடிகார முள் பன்னிரண்டைத் தொட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. இனிப் பேச நேரமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பல் டாக்டர் முதல் அட்டையைப் பிடித்துக்கொண்டு, தொடங்கலாமா என்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் அதிகாரி தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பாடகி அங்கேயே நின்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காது கையைத் தூக்கினார்.