விளிம்பில் இல்லாத பெயர்

அருப்புக்கோட்டையில் இரும்புக் கடை வைத்திருக்கும் ராம்குமாருக்கு அன்று காலையிலிருந்தே பெருமை தாங்கவில்லை. திருச்சுழிக்கு அருகே அவருடைய பூர்வீக ஊரில், இரண்டாம் உலகப் போரில் வீரப் பதக்கம் பெற்றவர்களுக்காக ஒரு கல் நடவிருந்தார்கள். பர்மா சண்டையில் பதக்கம் வாங்கிய தாத்தா பொன்னுச்சாமியின் பெயரும் அதில் ஏறவேண்டும். சான்றென்று காட்ட அந்த வெள்ளிப் பதக்கத்தைத் தவிர வீட்டில் வேறொன்றும் இல்லை. அதைப் பார்த்து வரும்படி, பாலவனத்தத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ராஜகுருவை ஊரார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர் பதக்கத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. விளிம்பைத்தான் லென்ஸ் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வாங்குனவரு நம்பரும் பேரும் இங்க வெட்டியிருக்கணுமே, தம்பி. மொழுக்குன்னுல்ல இருக்கு?"

ராம்குமாருக்குச் சுருக்கென்றது. காரியாபட்டியில் ஒரு பள்ளி விழாவில் காட்டவேண்டும் என்று சித்தப்பா மகன் சங்கர் போன மாதம் இதை வாங்கிப் போயிருந்தான். பலமுறை கேட்ட பிறகே திருப்பித் தந்தான். தந்தபோது முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதும் இப்போது நினைவுக்கு வந்தது. உடனே போன் செய்தார்.

"ஏலே, அசல் எங்கலே?"

"எந்த அசலு?"

"நடிக்காத. பதக்கத்த மாத்தித்தான குடுத்திருக்க?"

சற்று நேரத்தில் பைக்கில் வந்திறங்கிய சங்கர் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"ஆமாண்ணே, வித்து மதுரையில பங்களா கட்டிட்டேன். வந்து குடியிருங்க."

சத்தம் கேட்டு அம்மா சௌந்தரம் அடுப்படியிலிருந்து காப்பியோடு வந்தார். டம்ளரை ராஜகுரு முன் வைத்துவிட்டு, பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"அவன ஏன்டா வையிற? இது எங்க மாமாவோடதுதான். வருசா வருசம் ஆயுத பூசைக்குத் தராசு, படிக்கல்லோட சேத்து நாந்தான திருநீறு போட்டுத் தேய்க்கிறேன். ஓரத்துல பொடிப்பொடியா அழுக்கு அடைஞ்சு கெடந்துச்சு. போற வரைக்கும் நான் விடலையே!"

சங்கர் தலையில் கை வைத்துக்கொண்டான். "பெரியம்மா, அது அழுக்கில்ல. தாத்தா பேரு."

ராஜகுரு லென்ஸை மடித்தார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

"இருக்கலாம்மா. ஆனா அடுத்தவுக பேர அழிச்சிட்டுக் கொண்டாந்தாலும் இது இப்பிடித்தான் இருக்கும். கேக்குறவுகளுக்கு நான் என்ன சொல்ல?"

ராம்குமாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த விளிம்பில் தாத்தாவின் பெயரை அவர் ஒருநாளும் வாசித்ததில்லை. எல்லாம் அப்பா சொல்லக் கேட்டதுதான். அப்பாவுக்கு யார் சொன்னார்கள்?

"அம்மா, அதுல தாத்தா பேருதான இருந்துச்சு?"

சௌந்தரம் மகனை ஏறிட்டுப் பார்த்தார். பதக்கத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, ராஜகுருவின் பக்கம் திரும்பினார்.

"எங்க மாமா பேரக் கல்லுல எழுத வேணாங்கய்யா. பேரனே இப்பிடிக் கேட்டதுக்கப்புறம், ஊரு என்ன சொன்னா என்ன? காப்பி ஆறுது, குடிங்க."