செவ்வாய்க்கிழமை இரண்டு மணி

மருத்துவமனையின் பின்பக்க வராந்தாவில் கடைசி அறை ஓவியச் சிகிச்சைக்கு. முன்பு சாமான் போட்டு வைத்திருந்த இடம். ஒரு ஜன்னல், நீள மேசை, தண்ணீர்க் குழாய். சிகிச்சை தருபவள் நாற்பதைத் தாண்டியவள், தனியாக இருப்பவள்.

அவளிடம் வந்தவர் பேருந்து ஓட்டுநர். மழையில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்து அவருடைய வண்டியில் அடிபட்டு இறந்துபோனார். ஓட்டுநர் மேல் தப்பில்லை என்று போலீசே எழுதிக் கொடுத்துவிட்டது. அவர்தான் மூன்று மாதமாக வாய் திறக்கவில்லை.

முதல் நாள் அவள் அவசரப்பட்டுவிட்டாள். "மனசுல இருக்கறத வரைங்களேன்" என்றாள். அவர் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. எதிரே உட்காராமல், ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து தன் தாளில் எதையாவது கிறுக்கினாள். அவர் கறுப்பையும் வெள்ளையையும் குழைப்பார், கொஞ்சம் நீலம் சேர்ப்பார், பார்ப்பார், கழுவிவிடுவார். வாராவாரம் இதேதான்.

"அக்கா, உங்க ரூம்ல ஃபேன் மட்டும்தான் பேசுது" என்று நர்ஸ் கிண்டலடித்தாள்.

ஒரு செவ்வாயன்று அவளுக்குக் காய்ச்சல். ஆபீசுக்குச் சொல்லி லீவு போட்டாள். அடுத்த செவ்வாய் அவர் வந்தார். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். தூரிகையைத் தொடவில்லை.

"காய்ச்சல்னு ஆபீசுக்குச் சொன்னேன். உங்களுக்குச் சொல்லி அனுப்பல. என் தப்புதான்" என்றாள் அவள்.

சுவரைப் பார்த்தபடியே, கரகரவென்று அவர் குரல் வந்தது.

"அன்னைக்கு ரெண்டு மணிக்கே வந்துட்டேன்."

"எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"வெளிய பெஞ்சுல. லைட்டு போடுற வரைக்கும்."

காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் அவளுடைய போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. அதை அவரிடம் சொல்லக் கூடாது. "ரொம்ப நேரம் காத்திருந்திருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் நாற்காலியைத் திருப்பினார்.

"நனைஞ்ச ரோட்டுக் கலரு. வரமாட்டேங்குது." பிறகு, "பிரேக் போட்டேம்மா. நின்னுச்சு. நாலடி தாண்டி நின்னுச்சு" என்றார்.

உங்கள் தப்பில்லை என்று ஊரே சொல்லியாகிவிட்டது. அவள் அதைச் சொல்லாமல் ஒரு பெரிய தாளை நகர்த்தினாள். "நாலடின்னா எவ்வளவு தூரம்? போட்டுக் காட்டுங்க."

அந்த நாலடியை அவர் நான்கு மாதம் வரைந்தார். சில நாள் அழுதார். அவள் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தாள்.

சிகிச்சை முடிந்த கடைசி நாளில் அவருடைய தங்கை வந்திருந்தாள். அவர் வாசலில் தயங்கி நின்றார்.

"அடுத்த செவ்வாய் வரலாமா?"

"இனி தேவைப்படாதுண்ணா."

"சும்மா, பாக்கறதுக்கு?"

"சிகிச்சை முடிஞ்சப்புறம் அப்படிப் பாக்கக் கூடாதுண்ணா" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுத் தங்கையின் பின்னால் படியிறங்கிப் போனார்.

அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது, இந்த ஊரில் தான் இல்லாததைக் கவனித்த ஒரே ஆள் அவர்தான் என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு நர்ஸ் சொல்லித் தெரிந்தது: டிப்போவில் பஸ் போய்வரும் நேரத்தை எழுதிவைக்கும் டைம் ஆபீஸ் வேலைக்குப் போகிறாராம், வண்டி எடுப்பதில்லையாம். அதற்கு மேல் அவள் விசாரிக்கவில்லை.