பதினொன்றாம் ரீல்

மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து நசுக்கி, வெந்நீரில் கரைத்து, அம்மாவின் உதட்டருகே மகள் கொண்டு போனாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். மார்பில் கட்டி வந்து மூன்று வருஷம் ஆகிறது. மூன்று வருஷமும் இதே கதைதான்.

"வெறும் வலி மாத்திரைம்மா. இதுக்குமா சாமி கோவிச்சுக்கும்?"

"நம்பிக்கையில பாதி மருந்தைக் கலந்தா அது நம்பிக்கையாடி? அந்தப் படத்துல அந்தக் குழந்தைக்கு யாரு மாத்திரை குடுத்தா?"

அந்தப் படம் வெளிவந்தபோது மகளுக்கு எட்டு வயது. அப்பா அந்தத் தியேட்டரில் ஆப்பரேட்டர். காய்ச்சலோடு அம்மாவின் மடியில் கிடந்து மேட்னி பார்த்தாள். ஒரே வீட்டில் கடவுள் உண்டு என்கிற அண்ணன், இல்லை என்கிற தம்பி. அண்ணனின் குழந்தை செத்துப் போகிறது. அண்ணன் விளக்கின் முன் விழுந்து கதறுகிறான். அடுத்த நிமிஷம் குழந்தை முற்றத்தில் சிரித்துக்கொண்டே ஓடி வருகிறது. கொட்டகையே எழுந்து நின்று கும்பிட்டது. மறுநாள் மகளின் காய்ச்சல் இறங்கியது. ஊசி போட்டவர் கம்பவுண்டர். பேரைத் தட்டிக்கொண்டு போனது படம்.

அதுவரை சாமி படத்துக்கு ஒட்டடைகூட அடிக்காத அம்மா, அன்றிலிருந்து உதட்டில் சாமி பேர் அசையாமல் ஒரு வேலை செய்ததில்லை. "நீதான்டி சாட்சி" என்று சொல்லிச் சொல்லியே மகளை வளர்த்தாள். பரீட்சையில் தேறினாலும் சாட்சி. பஸ்ஸில் அடிபடாமல் தப்பினாலும் சாட்சி. கூண்டில் நின்று நின்று மகளுக்குக் கால் கடுத்துப் போயிற்று. வளர்ந்ததும் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில், வெட்டியெடுத்த சதை வரும் புட்டிகளுக்கு எண் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். ஊரார் கட்டிகளெல்லாம் அவள் கையால் எண் வாங்கிப் போயின. அம்மாவின் கட்டி மட்டும் வரவில்லை.

போன வாரம் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, இனி நாள் கணக்குதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

கரண்டிகளைக் கழுவ மகள் சமையலறைக்குப் போனபோது அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லணும்மா. உங்கம்மாகிட்டச் சொல்லாத."

"என்ன?"

"அன்னைக்கு மேட்னிக்கு ரீலை மாத்திப் போட்டுட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"பத்து முடிஞ்சதும் பதினொண்ணு ஏத்தணும். உனக்குக் காய்ச்சல், நினைப்பு பூரா உம்மேல. நம்பர் பாக்காம பன்னெண்டை ஏத்திட்டேன். பன்னெண்டுலதான் குழந்தை சாகுது. அதுக்கப்புறம் பதினொண்ணு ஓடினா, அது உசுரோட ஓடி வரத்தானே செய்யும்? அப்பதான் எனக்கு உறைச்சுது. ஓட்டை வழியா எட்டிப் பாக்குறேன், கூட்டம் பூரா கும்பிட்டுக்கிட்டு நிக்குது. உங்கம்மா உன்னைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. மெஷினை நிறுத்தி லைட்டைப் போட்டுட்டேன். கடைசி ரீல், பதிமூணு, பெட்டியிலேயே கிடந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேலை போயிருக்கும்."

"தியேட்டரை இடிச்சே பதினஞ்சு வருஷம் ஆச்சுப்பா."

"அதுக்கப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

"கட்டி வந்த பிறகு?"

அப்பா டம்ளரைக் கவிழ்த்தார். நிமிர்த்தினார். மறுபடியும் கவிழ்த்தார்.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். அம்மா இரண்டு நாளோ மூன்று நாளோ சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்திருப்பாள். அது மகளுக்கும் தெரியும். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போய், ரீல் எண்களைக்கூட விடாமல், புட்டிக்கு எண் ஒட்டுகிற நிதானத்தோடு முழுவதையும் சொன்னாள்.



"ஏங்க" என்று அம்மா கூப்பிட்டாள். அப்பா நிலைப்படியில் வந்து நின்றார்.

"இவ சொல்றது நெசமா?"

அப்பா தரையைப் பார்த்தார்.

"பெட்டியில கிடந்துச்சே, அந்தக் கடைசி ரீல். அதுல என்ன ஆவுது?"

"ஒண்ணும் ஆகலை. குழந்தையைத் தூக்கிட்டுப் போயிட்டு வராங்க. அண்ணங்காரன் விளக்கை ஊதி அணைச்சிட்டுப் படுத்துக்கறான்."

அம்மாவின் உதடுகள் நின்றிருப்பதை மகள் அப்போதுதான் கவனித்தாள்.

"மணி என்னடி?"

"பதினொண்ணரை."

"அப்ப டாக்டர் ஆஸ்பத்திரியிலதான் இருப்பாரு. வண்டிக்குச் சொல்லு. ஆப்பரேஷன் பண்ணிக்கிறேன்."

மகள் வாசலுக்கு வந்து போன் செய்தாள். "இப்பக் கொண்டுவந்து நான் எதைம்மா வெட்டறது?" என்றார் டாக்டர். "மூணு வருஷம் முன்னாடி கெஞ்சினேன். அசைச்சீங்கன்னா வழியிலேயே போயிடுவாங்க."

உள்ளே வந்தாள்.

"வண்டி வருதும்மா."

மாத்திரைக்கு அம்மா தானே வாயைத் திறந்தாள். விழுங்கிவிட்டு, "இன்னொண்ணு குடு" என்றாள். பிறகு பை எடுக்கச் சொன்னாள். துண்டு, சோப்பு, டம்ளர். சீப்பு வைத்தாயா என்று மூன்று முறை கேட்டாள்.

"நீலப் புடவையை எல்லாத்துக்கும் மேல வை. திரும்பி வரப்ப கட்டிக்கணும். பையை அப்பா எடுத்துக்கட்டும். நீ என்னைப் பிடிச்சுக்க."

அப்பா பையை வாங்கிக்கொண்டு போய் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சாமி படம் தலைமாட்டுச் சுவரில் இருந்தது. கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாள் அம்மா. படத்தைப் பார்க்க அல்ல; வாசலைப் பார்க்க. தெருவில் எந்த ஹாரன் கேட்டாலும் கழுத்தைத் தூக்கினாள்.

"வந்துருச்சா?"

"வழியில இருக்காம்."

"நான் செத்துருவேனாடி?"

மூன்று வருஷத்தில் ஒருநாளும் அவள் கேட்காத கேள்வி அது. மகள் போர்வையை இழுத்துச் சரி செய்தாள்.

"பயமா இருக்குடி. இன்னொரு தடவை போன் பண்ணு."

மகள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் யாரும் இல்லாமலே "சீக்கிரம் வாங்க" என்றாள். இரண்டே காலுக்கு எங்கோ ஒரு லாரி ஹாரன் அடித்தது. தூக்கிய கழுத்து திரும்பத் தலையணையில் விழுந்தபோது அம்மாவின் கண் வாசலிலேயே இருந்தது.

நாலு மணிக்கு எதிர்வீட்டு அக்கா வந்து கதவையெல்லாம் திறந்துவிட்டாள். "நல்ல புடவையா ஒண்ணு எடு கண்ணு" என்றாள். மகள் வாசலுக்குப் போனாள். பை இன்னும் அப்பாவின் மடியில் இருந்தது.

"குடுங்கப்பா."

அவர் கொடுக்கவில்லை. தானே திறந்து, மேலே இருந்த நீலப் புடவையை எடுத்து நீட்டிவிட்டு, பையைத் திரும்ப மூடிக்கொண்டார்.

"சொல்லாதன்னு சொன்னேனே, ஏம்மா சொன்ன?" என்று அவர் கேட்கப் போகிறார் என்று அவள் நின்றாள். கேட்கவில்லை.

ஐந்தரைக்குப் பிணம் ஏற்றும் வண்டி தெருமுனையில் திரும்பி, பின்னோக்கியே வந்து, வாசலில் நின்றது. டிரைவர் இறங்கிப் பின்கதவைத் திறந்தான்.

அப்பா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.