இருபத்திரண்டு பொத்தான்கள்

இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திக்கொண்டே போனாள். நான்கு, ஒன்பது, பதினேழு... இருபத்திரண்டாவது பொத்தானும் எரிந்த நொடியில் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கியது. விளக்கு அணைந்தது. கம்பெனியின் சோதனைக் கோபுரத்தில், ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே, அசையாமல் நின்றது.

இருட்டில் அவள் சிரித்தாள்.

நாளைக் காலை, இந்த லிஃப்டை ஓட்டும் இதே மென்பொருள் எழுபது கட்டடங்களுக்குப் போகிறது. சோதனைப் பிரிவில் அவளுடைய கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மூன்று நாளாகப் போட மாட்டேன் என்று அடம்பிடித்ததில் அவளுக்குச் 'சந்தேகம்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

சந்தேகம், சி என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட ஒரே ஒரு வரியின் மேல். நிற்கவேண்டிய மாடிகள் எத்தனையோ, அத்தனைக்கு அத்தனை கட்டம் நினைவகத்தில் போட்டு லிஃப்டின் வழியைக் கணக்கிடும் வரி அது. கட்டங்களின் அளவு முன்கூட்டியே கிடையாது, ஓடும்போதுதான் முடிவாகும். மூன்று மாடி என்றால் ஒன்பது கட்டம். இருபத்திரண்டு என்றால் நானூற்று எண்பத்து நான்கு. லிஃப்டுக்குள் இருக்கும் கணினிச் சில்லிலோ அதற்கு ஒதுக்கிய நினைவகம் கைக்குட்டை அளவு. இடம் போதாவிட்டால் சி வாயைத் திறந்து சொல்லாது. சத்தமில்லாமல் பக்கத்து வீட்டுக்குள் புகுந்து சாமான்களை உருட்டுவதுபோல், அடுத்த நினைவகத்தில் இருக்கும் தகவலை அழித்துவிடும்; லிஃப்ட் நின்றுபோகும்.

எழுதியவர் தலைமை நிரலாளர் மேடம். இருபது வருட அனுபவம். "எல்லா பட்டனையும் எந்தப் பைத்தியம் அழுத்தும்?" என்று கூட்டத்தில் கேட்டார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. ஒரு குழந்தை போதும் என்று இவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அதனால்தான் தானே ஏறினாள்.

தனி வயரில் ஓடும் அவசரத் தொலைபேசி கரகரத்தது.

"எத்தனை அழுத்துனீங்க?" மேடத்தின் குரல்.

"எல்லாத்தையும் மேடம்."

மென்பொருளை வாங்கிப்போக வந்திருந்த வாடிக்கையாளர் பின்னால் கத்துவது கேட்டது. யார் செய்த தப்பு இது என்றார். மேடம் தயங்கவேயில்லை.

"நான் எழுதுன வரி. அளவுக்கு ஒரு வரம்பு கட்டாம விட்டது என் தப்பு. நாளைக்கு எதுவும் போகாது."

"சரி, உள்ள மாட்டிக்கிட்டு இருக்கிறது யாரு?" என்றார் வாடிக்கையாளர்.

நான்கு வருடமாக அந்த அலுவலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரிந்த பதில் அது. மேடம் ஒலிவாங்கியை மூடவில்லை. இவளுக்கும் கேட்கட்டும் என்பதுபோல், கொஞ்சம் உரக்கவே சொன்னார்:

"என் பொண்ணு."