டூகலின் கால்கள் சுற்றினவா?

1

இந்தக் கதை சார்ஜன்ட் ஃபார்லி என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது.

"உங்க வீட்டுக்காரர் கால் பெடல்ல சுத்திட்டு இருந்துச்சா, மார்னி? அவர் பின்னால வந்தது நீங்க மட்டும்தான்."

முதல் வரியை எழுதிப் பார்த்தேன்: 'ஆலைச் சாலையில் டூகல் தன் சைக்கிளை மிதித்துக்கொண்டு…'

பாருங்கள், கதை தொடங்குமுன்பே சாட்சி சொல்லிவிட்டேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

'டூகல் தன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான்.' இது கோழையின் வாக்கியம். இருக்கட்டும்.

2

குடித்துவிட்டுக் கார் ஓட்டி, உரிமத்தை இழந்தவன் என் கணவன் டூகல். சர்க்கரை ஆலைக்குப் போக, சைக்கிளில் பெட்ரோல் எஞ்சின் மாட்டினான். ஆலை வாசலில் கத்துவார்கள்:

"ஒதுங்குங்கடா, கொசுமருந்து வண்டி வருது!"

"மருந்தடிச்சும் நீ சாகலியே மச்சான்!" என்பான் இவன்.

ஃபார்லி அதைப் பறித்துக்கொண்டார். "பெட்ரோல்னா பேச்சே இல்ல டூகல். கரண்ட்ல ஓடுறது வாங்கு. ஆனா மிதிக்கணும்."

(சட்டம் இவ்வளவுதான்: மிதித்தால், மோட்டார் துணைக்கு வரலாம், அது சைக்கிள். மிதிக்காமல் மோட்டாரே இழுத்துக்கொண்டு ஓடினால், அது பதிவு செய்யாத மோட்டார் வண்டி.)

டூகல் மின்சார சைக்கிள் வாங்கினான். அடுத்த நாளே பெடலுக்குப் போகும் ஒரு கம்பியைத் துண்டித்தான். அதன்பின் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினால் போதும். எங்கள் ஊரில் பலரும் செய்வதுதான். போலீஸ் வண்டி கண்ணில் பட்டால் மட்டும் எல்லோருடைய கால்களும் சுற்றத் தொடங்கும். பெடலில் பாரமே இருக்காது, வெறும் நடிப்பு.

3

அன்று என் சாதாரண சைக்கிளில் பின்னால் வந்த எனக்காக அவன் மெதுவாகப் போனான். திடீரென்று கால்கள் சுற்றின.

"என்னப்பா, திடீர்னு உழைக்கிற?"

"வாயை மூடிட்டு வாடி. எதிர்ல வெள்ளை வண்டி, கூரையில விளக்கு."

அது போலீஸ் இல்லை. ஊர்க்காரி கிளெண்டாவின் பண்ணை வண்டி. எங்களுக்கு முன்னால் குறுக்கே திரும்பியது. டூகல் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு

(இந்த வாக்கியம் இதற்குமேல் நகரவில்லை.)

சைக்கிளின் பேட்டரி தீப்பிடித்தது. சோதித்துப் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. என் கண்கள்தான் மிச்சம்.

4

ஒரு முடிவு: 'சுற்றின' என்கிறேன். அது பொய்யில்லை. டூகல் சட்டப்படி சைக்கிளில் போய்ச் செத்தவன் ஆகிறான். வழக்கு முழுவதும் கிளெண்டாமேல் விழுகிறது.

இன்னொரு முடிவு: நடிப்பு என்று சொல்லிவிடுகிறேன். "அவனே தேடிக்கிட்டான்" என்று ஊர் முடித்துக்கொள்ளும். கிளெண்டா தப்பலாம்.

இரண்டாவதை எழுதிக்கொண்டிருந்தபோது அவளே வந்தாள். உள்ளே வரவில்லை, கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"மார்னி, நான் திரும்புறப்ப சிக்னல் போட்டேனா? நீ பாத்தியா? எனக்கு ஞாபகமே வரல."

"நான் உன் வண்டியப் பாக்கல, கிளெண்டா. அவன் காலப் பாத்துட்டிருந்தேன்."

அவள் அழவில்லை. தலையாட்டிவிட்டுப் போனாள்.

5

இதுவரை யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது.

நான் ஓடிப் போனபோது அவன் கால்கள் நின்றிருந்தன. பின்சக்கரம் நிற்கவில்லை. பொத்தானை அழுத்திய கட்டைவிரல் அப்படியே இருந்தது. அதை நான்தான் விலக்கினேன். விரலில் இன்னும் சூடு இருந்தது. சக்கரம் நின்றது. பிறகுதான் புகை வந்தது; அவனை இழுத்துக்கொண்டு விலகினேன்.

திங்கட்கிழமை வாக்குமூலம் எழுதும்போதும் ஃபார்லி கால்களைப் பற்றித்தான் கேட்பார். விரலைப் பற்றிக் கேட்க அவருக்குத் தோன்றாது. இந்த வரிவரை அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. இப்போது உங்களுக்கும் தெரியும்.

கிளெண்டாவின் வீடு எங்கள் தெருவிலேயே, நாலாவது. நீங்கள் என்றால் திங்கட்கிழமை என்ன சொல்வீர்கள்?